மூன்றாவது முறை விழுந்தபோது

இதை எழுதும்போது என் வலது முழங்காலில் வீக்கம் இல்லை. பார்க்கிறவர்கள் "இப்ப நல்லாதான நடக்கிற" என்கிறார்கள். நடக்கிறேன்தான். ஆனால் முழங்காலோடு சேர்ந்து எனக்குள் வேறொன்றும் கெட்டுப்போனது. எந்த ஸ்கேனிலும் அது வரவில்லை. வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வெளியே யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அடிபட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் யாராவது படிக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன். ஆறுதலாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நான் கபடி ஆடியவள். பெயர் ஷீபா. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்பக்கம் எங்கள் ஊர். என் அப்பா சாமுவேல் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். ஆந்திரா பக்கம் என்பதால் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அம்மா கலாவுக்கு இன்னொரு கம்பெனியில் பேக்கிங் வேலை. இருவருடைய பெற்றோரும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். நான் ஒரே பிள்ளை.

ஏழாவது படிக்கும்போது பி.டி. டீச்சர் என்னைக் கபடியில் சேர்த்தார். எதிரணிக்குள் பாடிப் போகிற ரைடர் நான். மூலையில் நிற்கிறவளைத் தொட்டுவிட்டு வலது காலை ஊன்றி ஒரு திருப்பு திரும்புவேன். அடுத்த நொடி நடுக்கோட்டில் இருப்பேன். அந்தத் திருப்பைப் பார்க்கவே ஊரில் ஆட்கள் வருவார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் எனக்கு ஒரு வேலை கிடைத்துவிடும் என்று நைனா நம்பினார். "எம் பொண்ணு சிப்காட்டு கேட்டுக்குள்ள நொழைய மாட்டா" என்று கம்பெனி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

பன்னிரண்டாவது படிக்கும்போது முதல் அடி. திரும்பினேன், பாதம் மண்ணில் அப்படியே நின்றுவிட்டது, முட்டிக்கு மேலே இருந்த உடம்பு மட்டும் திரும்பியது. பச்சை மூங்கிலை முறிப்பதுபோல ஒரு சத்தம். தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் நழுவாமல் இருக்க மூட்டுக்குள் கயிறுபோல ஒரு நார் குறுக்கே போகிறது. ஏ.சி.எல். என்பார்கள். அறுந்தால் அது தானாக ஒட்டாது. தொடையின் பின்பக்கத்திலிருந்து வேறு நாரை எடுத்து, எலும்பில் துளை போட்டு, அந்த இடத்தில் கட்டிவிடுவார்கள். எனக்கும் சென்னையில் ஒரு அரசு ஆஸ்பத்திரியில் அப்படிக் கட்டினார்கள். அழுதேன், ஆனால் பயப்படவில்லை. பத்து மாதத்தில் திரும்ப வந்துவிட்டேன்.

கல்லூரி இரண்டாம் வருடம் அதே முட்டியில் மறுபடி. இந்த முறை இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தைபோல இருக்கும் குருத்தெலும்பு கிழிந்தது. டாக்டர் விளக்கியதைக் கேட்ட நைனா, "புரிஞ்சிது சார். வாஷர் போயிடுச்சு" என்றார். டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். கிழிந்த பாகத்தைச் சின்னத் துளை வழியாக வெட்டி எடுத்தார்கள்.

அதற்கப்புறம்தான் நான் மாறினேன். காலையில் கண்ணைத் திறப்பதற்கு முன்பே கை முட்டிக்குப் போகும், வீங்கியிருக்கிறதா என்று அழுத்திப் பார்க்க. வீங்கியிருந்தால் லூசான பேன்ட் போட்டு மறைத்துக்கொண்டு பயிற்சிக்குப் போவேன். பஸ்ஸில் யாராவது என் வலது பக்கம் இடித்தால் சண்டைக்குப் போனேன். அம்மா ஒருநாள் தரையைத் துடைத்துவிட்டு ஈரமாக விட்டிருந்தாள். "என்ன சாகடிக்கப் பாக்கறியா?" என்று கத்தினேன். அவள் கையில் துணியோடு அப்படியே நின்றாள்.

களத்திலும் அதே கதை. மூலையில் நிற்கிறவளின் கையைப் பார்க்க வேண்டிய நான் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொடாமலே திரும்பி வந்தேன். கோச் "மனசுல தைரியம் வேணும்" என்றார். என்னோடு ஆடிய ரேவதி மட்டும் ஒருநாள், "இன்னாடி, உள்ள போகும்போதே திரும்பி வந்துக்கினு கீற?" என்று கேட்டாள். தலைவலி என்றேன். பிறகு அவளோடு பேசுவதையே குறைத்துக்கொண்டேன். கண்டுபிடித்தவள் அவள் ஒருத்திதான், அதனால்.

இருபத்தொரு வயதில், திருவள்ளூரில் ஒரு செலக்ஷன். தேர்வானால் அணியில் இடம், பின்னால் வேலை. நைனா லீவு போட்டுவிட்டு வந்து வேலி ஓரம் நின்றிருந்தார். மூன்றாவது ரைடில் திரும்பினேன். யாரும் என்னைத் தொடக்கூட இல்லை. அதே மூங்கில் சத்தம்.

களத்தில் கிடந்தேன். வலி வந்து சேர்வதற்கு ஒரு நொடி ஆகும். அந்த ஒரு நொடியில் என் மனசுக்குள் ஒரு வார்த்தை வந்தது.

அப்பாடா.

அடுத்து வலி வந்தது, கத்தினேன், நைனா வேலியைத் தாண்டி ஓடி வந்தார். "ஒண்ணும் இல்லம்மா, ஒண்ணும் இல்ல" என்று என் தலையைப் பிடித்துக்கொண்டு அவர் அழுதார். நான் அழுததும் வலியால் என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

மறுபடி அதே சென்னை ஆஸ்பத்திரி. காலையிலேயே வந்து சீட்டு வாங்கி, எலும்புப் பிரிவு வாசலில் பெஞ்சில் காத்திருக்க வேண்டும். கட்டுப்போட்ட கைகளும் இரும்புக் கம்பி செருகிய கால்களும் சுற்றிலும் இருக்கும். அம்மா எங்களுக்குப் பின்னால் நின்றவர்களுக்கும் சேர்த்து இடம் பிடித்து வைப்பாள். டாக்டர் என் காலை மடக்கி, கீழ்க்காலை இரண்டு கையாலும் பிடித்து முன்னால் இழுத்தார். நார் நன்றாக இருந்தால் ஒரு இடத்தில் கால் நின்றுவிடும். என் கால் மேசை டிராயர்போல வந்துகொண்டே இருந்தது. எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். குழாய்க்குள் படுத்து அசையாமல் இருக்க வேண்டும், சம்மட்டி அடிப்பதுபோலச் சத்தம் வரும். பலர் பயப்படுவார்கள். எனக்கு அங்கே இருந்த முக்கால் மணி நேரமும் நிம்மதியாக இருந்தது. உள்ளே யாரும் என்னைக் கேள்வி கேட்க முடியாது.

கட்டிய நார் அறுந்துவிட்டது என்றார்கள். வார்டில் சேர்த்தார்கள்.

பக்கத்துக் கட்டிலில் மல்லிகா அக்கா. காக்களூர் தொழிற்பேட்டையில் பிரஸ் மிஷின் அவருடைய வலது கையை அமுக்கி, மூன்று விரல்களை எடுத்துவிட்டது. இடது கையால் சோறு அள்ளிச் சாப்பிடப் பழகிக்கொண்டிருந்தார். பாதி மடியில் கொட்டும். என் அம்மாதான் தினமும் அவருக்குத் தலை பின்னிவிட்டாள். நான் சாப்பிடாமல் தட்டை நகர்த்தி வைப்பதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"துன்னாம கெடந்தா காலு வளந்துடுமா? துன்னுடி."

"பசிக்கலக்கா."

மூன்றாம் நாள் ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர் நல்ல செய்தி சொன்னார். இன்னொரு காலிலிருந்து நார் எடுத்து மறுபடி கட்டலாம். ஒழுங்காகப் பயிற்சி செய்தால் ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் திரும்ப ஆடவும் வாய்ப்பு இருக்கிறது. நைனா கையெடுத்துக் கும்பிட்டார். "ஆடுவா சார். எம் பொண்ணு ஆடுவா." டாக்டர் போனதும் மல்லிகா அக்கா தன் கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உனக்கு மறுபடியும் குடுக்கறன்றாங்க. எனக்கு யாரு குடுப்பா?"

அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஆனால் என்னால் அவர் பக்கம் திரும்ப முடியவில்லை. அவருக்குக் கிடைக்காத ஒன்றை எனக்குத் தருகிறார்கள், எனக்கோ அதை நினைக்கவே பிடிக்கவில்லை. மறுபடி மாதக்கணக்கில் பயிற்சி, மறுபடி களம், மறுபடி அந்தத் திருப்பு, மறுபடி அந்தச் சத்தத்துக்காகக் காத்திருப்பது. போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டேன். நான் எவ்வளவு கேடுகெட்டவள் என்றுதான் அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மதியம் ஒரு பயிற்சி டாக்டர் ஒப்புதல் படிவத்தோடு வந்தார். "இங்க ஒரு கையெழுத்தும்மா. உங்க வயசுக்கு நீங்களே போடணும்." பேனாவை வாங்கினேன். பேர் எழுத வரவில்லை.

"எனக்கு வேணாம்" என்றேன்.

"எது வேணாம்?"

"ஆபரேஷன்."

நைனா பதறிப்போய், "பயந்துக்கினு பேசுது சார், நான் சொல்றேன்" என்றார். டாக்டருக்கு அடுத்த கட்டிலுக்குப் போக வேண்டியிருந்தது. முடிவெடுத்துச் சொல்லுங்கள் என்று படிவத்தை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டார்கள்.

நைனா என்னை சக்கர நாற்காலியில் வைத்து, சாய்தளம் தொடங்கும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். அங்கே கூட்டம் இல்லை. எதிரே குந்தி உட்கார்ந்தார்.

"இன்னாம்மா? ஊசிக்குப் பயமா? முன்னமே போட்டதுதான?"

"இல்ல நைனா. அன்னிக்கு விழுந்தேன்ல, அப்போ…"

"சொல்லு."

"வலிக்கறதுக்கு முன்னாடி அப்பாடான்னு இருந்துச்சு நைனா."

அவருக்குப் புரியவில்லை. "இன்னாது?"

"இனிமே ஆட வேணாம்னு இருந்துச்சு. சந்தோசமா இருந்துச்சு."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"அப்போ மொத அடிக்கப்புறம் நாலு வருசமா யாருக்காக ஓடுன? எனக்கா?"

நான் நாற்காலிச் சக்கரத்தைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"நான் ஓடச் சொன்னனா உன்ன?"

"இல்ல நைனா."

உண்மைதான். ஒருநாளும் அவர் சொன்னதில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்து நின்றார், அவ்வளவுதான். அவர் எழுந்து, என்னை வார்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்து கட்டிலில் ஏற்றிவிட்டு, "டீ குடிச்சிட்டு வரேன்" என்று போனார். வரவில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் வரவில்லை. ஷிப்டுக்குப் போயிருக்கிறார் என்று அம்மா சொன்னாள், என்னைப் பார்க்காமல்.

அந்த நாட்களில் நான் சுத்தமாகச் சாப்பிடவில்லை. வார்டு நர்ஸ் ஒருவர் அம்மாவைத் தனியே கூப்பிட்டு, மனநலப் பிரிவில் ஒருமுறை காட்டச் சொன்னார். அம்மா பயந்துவிட்டாள். "பைத்தியம்னு எதுனா எழுதிடுவாங்களாம்மா? நாளைக்கிக் கல்யாணம் காட்சின்னு ஒண்ணு இருக்குதே." "தூக்கம் வராததுக்கும் அங்கதான் பாப்பாங்க" என்று நர்ஸ் சொன்ன பிறகே சம்மதித்தாள். என்னைத் தள்ளிக்கொண்டு போகும்போது, தெரிந்தவர்கள் யாராவது வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அங்கே ஒரு பெண் டாக்டர். முட்டியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, கடைசியாக எப்போது சிரித்தாய் என்று கேட்டார். யோசித்தேன். வாஷர்தான் ஞாபகத்துக்கு வந்தது. இரண்டு வருடம். பிறகு அதே குரலில் கேட்டார்: "உயிரோட இருக்க வேணாம்னு தோணியிருக்கா?"

அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"தோணியிருக்கு. ரெண்டு தடவ."

அம்மா என் சுடிதாரை முதுகுப் பக்கம் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். ரோட்டைக் கடக்கும்போது சின்னப்பிள்ளையைப் பிடிப்பதுபோல. நாங்கள் அந்த அறையை விட்டு வெளியே வரும்வரை விடவே இல்லை.

'அப்பாடா'வையும் டாக்டரிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடிபட்டால் உடம்பு பயப்படக் கற்றுக்கொள்ளும், நார் ஒட்டினாலும் அந்தப் பயம் போகாது என்றார். "நீ ரெண்டு வருஷமா பயந்துகிட்டே ஆடியிருக்க. அது நின்னதும் மனசு அப்படித்தான் சொல்லும். அதுல தப்பு எதுவும் இல்லம்மா."

"ஆட வேணாம்னா நான் யாரு டாக்டர்?" என்று கேட்டேன். "எனக்கு வேற ஒண்ணுமே தெரியாது."

"அதைத்தான் மெதுவா பாக்கணும்" என்றார். மாத்திரை எழுதி, வாராவாரம் வரச் சொன்னார். மறுபடி அந்த எண்ணம் வந்தால் யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும் என்று என்னிடமும், தனியாக விடக்கூடாது என்று அம்மாவிடமும் சொன்னார். எலும்பு டாக்டரிடமும் அவரே பேசியிருக்க வேண்டும். ஏனென்றால் அடுத்த முறை படிவம் வந்தபோது அந்தப் பயிற்சி டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "கபடிக்காக வேணாம். இப்ப இருக்கற நெலமையில பஸ்ஸை விட்டு எறங்கும்போதே முட்டி நழுவும். பஸ்ஸை விட்டு எறங்கறதுக்காகப் பண்ணிக்கோங்க." கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேஷன் அன்று நைனா வந்தார். முதுகுத்தண்டில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே உடம்பே இல்லாததுபோல் ஆனது. நடுவில் ஒரு திரை. அந்தப் பக்கம் எலும்பைத் துளைக்கும் சத்தம் கேட்டது. யாரோ வீட்டில் ஆணி அடிக்கிறார்கள் என்பதுபோலக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். வெளியே கொண்டுவந்தபோது, நைனா என் செருப்பை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக அப்படி நின்றாரோ.

வீட்டுக்கு வந்தபோதுதான் அவர் வராத நாட்களில் என்ன செய்தார் என்று தெரிந்தது. எங்கள் கழிப்பறையில் தரையோடுதான் பீங்கான் பதித்திருக்கும், முட்டியை மடக்காமல் உட்கார முடியாது. அதன்மேல் வைக்க, நடுவில் ஓட்டை விட்ட ஒரு இரும்பு நாற்காலி நின்றிருந்தது. ஷிப்டு முடிந்ததும் தெரிந்தவருடைய வெல்டிங் கடைக்குப் போய், தானே வெட்டி, தானே பற்றவைத்து, ஓரங்களைத் தேய்த்து மழுக்கி, பச்சை பெயிண்ட் அடித்திருந்தார். என்னோடு பேசத்தான் முடியவில்லை அவரால். நான் கதவைச் சாத்திக்கொண்டு, அதில் உட்கார்ந்து, குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அதற்கப்புறமும் நாட்கள் நல்லபடியாக ஆகிவிடவில்லை. மாத்திரையால் தூக்கம் வந்தது, சந்தோஷம் வரவில்லை. அந்த எண்ணம் இன்னொரு முறை வந்தபோது அம்மாவை எழுப்பிச் சொன்னேன். அவள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு என் கூடவே இருந்தாள். ரேவதி தேர்வாகிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். வாழ்த்துச் சொல்லப் போனை எடுத்து, வைத்துவிட்டேன். இன்றுவரை சொல்லவில்லை. வலது தொடை சூம்பிப்போய் இடது தொடையில் பாதியாக இருந்தது. திருவள்ளூரில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் வாரம் இரண்டு நாள் நைனா பைக்கில் கூட்டிக்கொண்டு போனார். மல்லிகா அக்கா ஒருமுறை போன் செய்தார். இடது கையால் கையெழுத்துப் போடப் பழகிவிட்டாராம். "நீ ஓடறியாடி?" என்று கேட்டார். லைன் சரியில்லாததுபோல நடித்து வைத்துவிட்டேன்.

எட்டாம் மாதம் ஒரு சோதனை. கால்களின் பலத்தை மிஷினில் அளந்தார்கள். இரண்டும் கிட்டத்தட்ட சமம். பிசியோ சந்தோஷப்பட்டார். பிறகு தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். "வலது கால்ல மட்டும் நின்னு, இந்தக் கோட்டைத் தாண்டி ஒரு குதி. சின்னதா போதும்." சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் நைனா உட்கார்ந்திருந்தார்.

இடது காலைத் தூக்கினேன். வலது கால் உறுதியாக நின்றது. குதிக்க வேண்டும், அவ்வளவுதான். முட்டியை மடக்கினேன். குதிக்கவில்லை. மறுபடி மடக்கினேன். வியர்த்தது. கோடு ஒரு முழ தூரம்கூட இல்லை. "பரவால்ல, டைம் எடுத்துக்கோங்க" என்றார் பிசியோ. மூன்றாவது முறை, நான்காவது முறை. கால் தரையை விட்டு எழவே இல்லை.

நைனா எழுந்து வந்தார்.

"போதும் சார்" என்றார். "நடக்கறா இல்ல? போதும்."

ஷூவை மாட்டக் குனியப் போனேன். அவரே மண்டியிட்டு மாட்டிவிட்டார். திரும்பி வரும்போது ஒரு டீக்கடையில் பைக்கை நிறுத்தினார். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. இரண்டு பேரும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றோம். அந்த 'போதும்' என்ற வார்த்தையைக் கேட்கத்தான் எத்தனையோ நாள் ஏங்கியிருந்தேன். கேட்ட பிறகு, என்னை நம்புவதற்கு உலகத்தில் மிச்சமிருந்த ஒருவரும் எழுந்து போய்விட்டதுபோல இருந்தது.

சின்ன வயதிலிருந்து யார் என்னைப் பற்றிக் கேட்டாலும் நைனா ஒன்றே ஒன்றுதான் சொல்வார்: "நல்லா ஆடும், எம் பொண்ணு." கட்டுப்போட்டுப் படுத்திருந்த நாட்களிலும் அப்படியேதான் சொன்னார்.

அன்று டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

"நல்லா ஆடுனம்மா."